ராணி ஆமையின் சிக்னல்

“அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணே, நேரா விடுங்க!” என்று குயிலி கத்தினாள்.

படகோட்டி ரைமுந்தோ அவளைத் திரும்பிப் பார்த்தார். வலது கரைக் காட்டிலிருந்துதான் சிக்னல் வந்தது. அவள் கையிலிருந்த ரிசீவர் ‘டிக், டிக்’ என்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“சிக்னல்தான் வருதே, பொண்ணே?” அவருடைய போர்ச்சுகீசியம் அவளுக்கு இப்போது வீட்டுப் பேச்சு மாதிரி.

“அதான் கெட்ட சேதி. ஆமை உயிரோட இருந்தா தண்ணிக்குள்ள முங்கும், சத்தம் நின்னுரும். மூச்சு விட மேல வந்தாத்தான் திரும்பக் கேக்கும். இது நிக்கவே இல்ல. ராணி செத்துட்டா. ஓட்டைக் காட்டுக்குள்ள வீசியிருப்பாங்க. நமக்கு ஆளுங்கதான் முக்கியம், திருடனுங்க கூடாரத்துக்கே விடுங்க!”

ராணி அமேசானின் பெரிய பக்கக்கழுத்து ஆமைகளில் ஒன்று. கல்யாண வீட்டு அண்டா மூடியளவு ஓடு. ஆனால் என்ன பயன்? தலையை உள்ளே இழுத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. ஆபத்து வந்தால் கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்குக் கீழே ஒளித்துக்கொள்ளும், பாவம்! அதன் ஓட்டில் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தியவன் குயிலியின் அண்ணன் சேரலாதன்.

முட்டையிட வந்த தாய் ஆமைகளை ஒரு கும்பல் மணலில் மல்லாக்கப் புரட்டி அள்ளிக்கொண்டு போனது. சேரலாதனும் ரைமுந்தோவின் தம்பி டாவியும் அவர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள். மூன்று நாளாக ஆளையும் காணோம், படகையும் காணோம். மேற்கே பேய்மழை கொட்டி நதி வேறு ஏறிக்கொண்டே வந்தது.

உச்சி வெயிலில் கூடாரத்தை அடைந்தார்கள். கும்பல் ஓடிப்போயிருந்தது. ஆமைகளை அடைத்து வைத்த பட்டியின் கழிகள் பிடுங்கப்பட்டுப் பட்டி காலியாகக் கிடந்தது.

“திறந்து விட்டுட்டானுங்க! என் தம்பி வேலைதான் இது!” ரைமுந்தோ சிரித்தார். அடுத்த நிமிஷமே சிரிப்பு செத்துப்போனது. கரையோரம் தம்பியின் படகு குண்டு துளைத்துப் பாதி மூழ்கிக் கிடந்தது.

வெட்டித் தின்ற ஆமை ஓடுகளின் குவியலில் ராணியின் ஓடு இருந்தது. அதில் டிரான்ஸ்மிட்டர் இல்லை. திருகாணிகள் ஒன்றுகூட உடையாமல் பக்குவமாகக் கழற்றப்பட்டிருந்தன. ஆமையை வெட்டியவன் கோடாலியால் ஒரே போடாகப் போட்டிருப்பான். திருகிக் கழற்ற அவனுக்கு ஏது பொறுமை? குயிலி ஓட்டை விட்டுவிட்டுப் படகை நோக்கி ஓடினாள்.

“அண்ணே! காட்டுலேர்ந்து வந்த சிக்னல் ராணி இல்ல! எங்க அண்ணன் கழட்டி எடுத்துட்டுப் போயிருக்கான். அவன்தான் அங்க இருக்கான்!”

படகு வந்த வழியே திரும்பி வெள்ளத்தோடு சேர்ந்து பாய்ந்தது. ரிசீவர் மறுபடி அடிக்கத் தொடங்கியது. டிக், டிக்... சட்டென்று நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது.

ஆமையாக இருந்தால் குயிலி துள்ளிக் குதித்திருப்பாள். இது மனுஷன்!

“தண்ணிக்குள்ள போறான் அண்ணே! இன்னும் வேகம்!”

வெள்ளம் புகுந்த காட்டுக்குள், கிளைகளில் முட்டி மோதிக்கொண்டு படகு நுழைந்தது. ஒரு மரக்கவட்டில் கழுத்தளவு நீரில் சேரலாதன் தொங்கிக்கொண்டிருந்தான். கால் முறிந்திருந்தது. டிரான்ஸ்மிட்டரை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். கை சோரும்போதெல்லாம் அது நீரில் முங்கி முங்கி எழுந்தது.

பக்கத்திலேயே, பெல்ட்டால் மரத்தோடு கட்டப்பட்டு, டாவி. விலாவில் குண்டுக் காயம். உடம்பு சில்லிட்டிருந்தது.

ரைமுந்தோ தம்பியைத் தூக்கிப் படகில் கிடத்தினார். தன் சட்டையைக் கழற்றி மூடினார். அழக்கூட இல்லை, அதுதான் குயிலியால் தாங்க முடியவில்லை.

சேரலாதன் தங்கையின் மடியில் கிடந்து தமிழில் முனகினான். “படகு மூழ்கினதும் வெள்ளம் எங்கள இங்க அடிச்சுட்டு வந்துருச்சு. காலையில உங்க மோட்டார் சத்தம் கேட்டுச்சு, பிள்ள. ‘எங்க அண்ணன் வந்துட்டான்’னு டாவி சிரிச்சான். அப்புறம் சத்தம் தூரமாப் போயிருச்சு. அதுக்கு மேல அவன் பேசல.”

“என்ன சொல்றான்?” என்று கேட்டார் ரைமுந்தோ.

வலியில் பிதற்றுகிறான் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? குயிலி ஒரு வார்த்தை விடாமல் அவர் மொழியில் சொன்னாள். “நான்தான் நேரா விடச் சொன்னேன்” என்றும் சேர்த்துச் சொன்னாள்.

படகு காட்டை விட்டு நதிக்கு வந்தது. விடுபட்ட ஆமைகள் அங்கங்கே மூக்கை நீட்டி மூச்சு விட்டுவிட்டு முங்கின. இருவர் உயிரைப் பணயம் வைத்து ஜெயித்த ஜெயம் அது. பார்க்கத்தான் யாருக்கும் மனமில்லை.

“வெள்ளத்துல மரம் அடிச்சுட்டு வருது” என்றார் ரைமுந்தோ. “முன்னால போய் உக்காரு. எந்தப் பக்கம் திருப்பணும்னு நீ சொல்லு.”

குயிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். இந்த முறை நன்றாகப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டு தரம் யோசித்த பிறகே வாயைத் திறந்தாள்.

“இடது பக்கம், அண்ணே.”

அவர் திருப்பினார்.