செவப்பர் நிறம்

பெயிண்ட் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். கானா நாட்டுக் குமாசி நகரின் சுவாமே வண்டிப் பட்டறைகளில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் ஈரத்தில் கொஞ்சம் வெளுப்பாகவே கலப்பார்கள். ஒபிரியும் அப்படித்தான் கலந்து அடித்திருந்தான். மதியம் வந்து பார்த்தால், பழைய பென்ஸின் முன் மட்கார்டு கறுப்பதற்குப் பதில் இன்னும் வெளுத்திருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பக்கத்துக் கதவு செங்கல் சிவப்பு. மட்கார்டில் மட்டும் மஞ்சள் ஓடியிருந்தது. பெயிண்டைக் கரைக்கும் தின்னர் கண்ணைத் தின்றுவிடும் என்பார்கள். நிறம் பிடிக்கிற அந்தக் கண்ணை நம்பித்தான் ஊரே அவனிடம் வண்டியை விட்டது. கொஞ்ச நாளாகப் பச்சையும் நீலமும் அவனுக்குக் குழம்பிக்கொண்டிருந்தன. மனைவி டூஃபியிடம்கூட மூச்சு விடவில்லை.

வண்டி, அதைக் கொண்டுவந்து விட்ட சர்போங்கின் அப்பாவுடையது. கிழவருக்கு வெளுத்த தோல். ஊரே அவரைச் செவப்பர் என்று கூப்பிட்டது, அவர் வண்டிக்கும் அதே பெயர். வேறு எவன் கையும் அதன்மேல் படக்கூடாது அவருக்கு. அவர் செத்து வருஷம் திரும்பும் சடங்குக்கு, சனிக்கிழமை அதை வாசலில் நிறுத்தியாக வேண்டும். அதற்குள் மகன் கொண்டுபோய்ச் சுவரில் தேய்த்துவிட்டான்.

"மாஸ்டர், செவப்பர் நிறம் அப்படியே வரணும்," என்றான் சர்போங், வண்டியை விட்ட அன்று. "ஒரு இம்மி பிசகுனாலும் அத்தைமாருங்க என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவாங்க."

"எந்தச் செவப்பர்? வண்டியா, உங்கப்பாவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

"அப்ப சரி. செவப்பரையே கொண்டாந்து நிறுத்துறேன் பாரு," என்றான் ஒபிரி. இருவரும் சிரித்தார்கள்.

இப்போது எமரித்தாளால் தேய்த்து இறக்கிவிட்டு, காவியும் ஒரு சொட்டுக் கறுப்பும் கூட்டி மறுபடி கலந்தான். நிறம் லேசாகப் பிசகினால் பக்கத்துக் கதவுவரை இழுத்துக் கரைத்துவிடுவது தொழில். விளிம்பு தெரியாவிட்டால் எந்தக் கண்ணும் ஏமாந்துவிடும். வெளியே ஹர்மட்டான் காற்று கொண்டுவந்த பாலைவனப் புழுதி வானத்தை மூடியிருந்தது. அடுத்த பட்டறையில் தகரம் அடிக்கும் சத்தம், கம்ப்ரசரின் முனகல், ஸ்ப்ரே கன்னின் சீறல், வெறும் கையில் வந்து படியும் குளிர்ந்த தூவல், இவற்றுக்கு நடுவே கதவுவரை இழுத்து முடித்தான். கம்ப்ரசரை நிறுத்தியபோது தின்னர் வாடை அடங்கியிருந்தது. அதனிடத்தில், வயசானவர்கள் உடம்பில் பூசும் ஷியா வெண்ணெயும் பழைய வியர்வையும் கலந்த வாடை வந்தது.

டூஃபி சோளமாவுக் கென்கேயும் பொரித்த மீனும் கொண்டுவந்தாள். மட்கார்டு மறுபடி வெளுத்திருந்தது. இந்த முறை கதவும்.

"டூஃபி, இது என்ன நிறம்னு சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். "மனுஷத் தோல் மாதிரி இருக்கு. செவப்பர் பின்கழுத்து இப்படித்தான் இருக்கும். ஏன்யா, அதைத்தானே அடிச்சே?"

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். எனக்கு இங்க நிக்கப் பிடிக்கல, வெரசா வீட்டுக்கு வா." தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கண் போகவில்லை. ஒபிரிக்கு ஒரு கணம் உயிர் வந்தது. மறுகணம், அப்படியானால் தான் பார்ப்பது என்ன என்ற கேள்வி வந்தது.

கிட்டே போனான். பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். காற்றழுத்தம் குறைந்தால் பெயிண்டில் ஆரஞ்சுத்தோல் போல இப்படிக் குழி விழும். எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் ஒவ்வொரு குழியிலும் ஒரு முடி. மெலிந்த, நரைத்த முடி. புழுதிக்காற்று உள்ளே வீசியது. தகரத்துக்குப் புல்லரித்தது.

தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

கடவுளே, என் கண் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். கண்களை இறுக மூடினான். விரல் அதையே சொன்னது. விரலுக்கடியில் ஏதோ துடித்தது. மெதுவாக. நிதானமாக.

கையை இழுத்துக்கொண்டு பின்வாங்கினான். தின்னரில் துணியை முக்கி, கையில் படிந்திருந்த தூவலைத் தேய்த்தான். துணி சுத்தமாகவே வந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தான். தோல் எரிந்தது. நிறம் போகவில்லை.

வாசலிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பார்த்தான். தோளில் அவனுடைய கறுப்பு. விரல்களில் வெளுத்த, சுருங்கிய தோல், வயதான புள்ளிகள், பழுத்த நகங்கள். இரண்டுக்கும் நடுவே விளிம்பைத் தேடினான். எங்கும் இல்லை. அவன் செய்ததிலேயே நல்ல வேலை அது.

அவன் அசைக்காமலே அந்தக் கை நீண்டு மட்கார்டைத் தடவிக்கொடுத்தது. பிறகு வண்டிக் கதவின் கைப்பிடியைப் பற்றித் திறந்து, அவனை உள்ளே இழுத்தது.