எல்லா நட்டுக்கும் தொப்பி

எங்கள் வீட்டில் எல்லா நட்டுக்கும் தொப்பி உண்டு. டீ கூஜாவுக்குத்தான் இல்லை.

கூஜாவுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. மஞ்சள் கம்பளியில், உச்சியில் நீலக் குஞ்சம் வைத்து அம்மா பின்னிய குல்லா. மார்ச் மாதம் அது காணாமல் போனது. அன்றிலிருந்து டீ சீக்கிரம் ஆறிவிடுகிறது. அம்மா சீக்கிரம் சூடாகிவிடுகிறார்.

நட்டுகளின் கதைக்கு வருகிறேன். என் அப்பா ஹாவர்ட் நான்கு வருடமாக எங்கள் கேரேஜில் ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். அப்பா பூட்டுவார். பிறகு கையில் ஒரு போல்ட் மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு, பூட்டியதை எல்லாம் கழற்றுவார். ஆரம்பித்தபோது எனக்கு ஆறு வயது. முடித்தபோது பத்து. சிவப்புக் கார், இரண்டே இருக்கை, கூரை கிடையாது. எங்கள் யார்க்‌ஷர் மழையில் கூரை இல்லாத காரா என்று கேட்காதவர்களே தெருவில் இல்லை.

"கார் ரோட்டுக்கு வந்ததும் மொத சவாரி உனக்குத்தான், வின்னி. நேரா விட்பி. கடலைப் பாத்துக்கிட்டே மீனும் சிப்ஸும்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். நான் அதை நான்கு வருடமாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் வீட்டில் கட்டிய கார் நினைத்தவுடன் ரோட்டுக்கு வந்துவிட முடியாது. அதிகாரி ஒருவர் சோதிப்பார். யார் மீதாவது உரசினால் கிழிக்கக்கூடியது எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காக அவரிடம் ஒரு கோல் இருக்கும். கோலின் நுனியில் பத்து சென்டிமீட்டர் பந்து. அந்தப் பந்து காரில் தொடுகிற இடமெல்லாம் மழுங்கலாக இருக்க வேண்டும். அது நுழைய முடியாத இடத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

அப்பா இரண்டு முறை தோற்றிருந்தார்.

"ரெண்டு மூணு நட்டு, அவ்வளவுதான்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். பிறகு கறுப்பு ரப்பர் தொப்பிகளை மூட்டையாக வாங்கிவந்து மாட்டினார். விளிம்புகளுக்கு எல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார். கார் முடிந்த பிறகும் அவர் கை நிற்கவில்லை. தோட்டக் கதவு, புல்வெட்டும் இயந்திரம், என் சைக்கிள் என்று தொப்பி மாட்டிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டு மிஸ்டர் ஹெப்டன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் கார்தான் அவருக்கு டிவி.

"என்னப்பா ஹாவர்ட், நான் இங்கயே நின்னா என் மூக்குக்கும் ஒண்ணு மாட்டிடுவ போலிருக்கே!"

அம்மா சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமைதான் கடைசி, ஹாவர்ட். மூணாவது தடவையும் ஃபெயில்னா காருக்குள்ள மண்ணைக் கொட்டித் தக்காளி நட்டுடுவேன்."

அம்மா சொன்னால் செய்துவிடுவார். தக்காளி விதைப் பொட்டலம் ஏற்கெனவே ஜன்னலோரம் இருந்தது.

அந்த வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை நான் ஒரு வேலை செய்தேன். என் ரப்பர் பந்தை அளந்தேன். பத்து சென்டிமீட்டர்! அதைத் துடைப்பக் கட்டையின் நுனியில் டேப்பால் ஒட்டினேன். பந்து முழுக்க வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்தேன். இனி பந்து தொடும் இடமெல்லாம் சிவப்புக் காரில் வெள்ளையாகத் தெரியும்.

"அப்பா, நானே டெஸ்ட் வைக்கப் போறேன்."

"அடி சக்கை!" என்றார் அப்பா.

பின்பக்கத்திலிருந்து தொடங்கினோம். சக்கரம், கண்ணாடி, கதவுக் கீல், விளக்கு. வெள்ளை பட்ட இடத்தில் எல்லாம் ஒரு தொப்பியோ ரப்பர் பட்டையோ இருந்தது. கூர்மையாக ஒன்றுகூட அகப்படவில்லை. பிறகு எப்படி இரண்டு முறை தோற்றார்?

காரின் மூக்கை நெருங்கியதும் அப்பா இருமினார்.

"டீ குடிக்கலாமா?"

"இப்பதானே குடிச்சோம்?"

"அது ஆறிப்போன டீ. கணக்குல வராது. அந்தப் பக்கம் நான் பாத்துட்டேன், வின்னி. எல்லாம் சரியா இருக்கு."

அவர் உள்ளே போனார். நான் பந்தை மூக்கின் மேல் ஓட்டினேன்.

புஸ்ஸ்ஸ்!

பந்து சப்பளிந்துபோய்க் கோலில் தொங்கியது.

மூக்கின் உச்சியில் கஸ்டர்ட் உட்கார்ந்திருந்தான். கஸ்டர்ட் ஒரு முள்ளெலி. ஏழு வயதில் அப்பாவின் பிறந்தநாளுக்காக நான் பிஸ்கட் டப்பாத் தகரத்தில் செய்தது. முதுகு முழுக்கக் குட்டி ஆணிகள். நான் ஊற்றிய மஞ்சள் பெயின்ட் கொஞ்சம் அதிகமாகி வழிந்ததால் அந்தப் பெயர். அப்பா அன்றே அவனைக் காரின் மூக்கில் பொருத்திவிட்டார். அவன் எப்போதும் அங்கேயே இருந்ததால் நான் அவனைக் கவனிப்பதையே விட்டுவிட்டேன்.

சாக்பீஸைத் துடைக்கத் துணி தேடி, காருக்குள் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தேன். கையில் கம்பளியாக ஏதோ வந்தது. மஞ்சள் நிறம். நீலக் குஞ்சம். நிறைய ஓட்டை.

அதன் அடியில் சோதனைத் தாள் இரண்டு இருந்தன. முதல் தாளில் ஒரே வரி: "முன்பக்க முள்ளெலி, கூர்மையானது." இரண்டாம் தாளிலும் ஒரே வரி: "முன்பக்க முள்ளெலி, கம்பளிக் குல்லாவுக்குள் இருந்தாலும் கூர்மையானது."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டையும் மறுபடி படித்தேன்.

அப்பா இரண்டு கோப்பைகளோடு வந்து நின்றார். என் கையில் இருந்த குல்லாவைப் பார்த்தார். சப்பைப் பந்தைப் பார்த்தார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார்.

"ரெண்டு தடவையும் கஸ்டர்டாலதான் போச்சா? ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கழட்டச் சொல்லுவ."

"ஆமா, கழட்டுங்க! நாலு வருஷம் கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கீங்க!"

"நாலு வருஷமும் பக்கத்துல ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது யாரு? அவனைக் கழட்டிட்டா அது கடையில வாங்குன கார் மாதிரி ஆயிடும்மா."

அப்பாவை அவ்வளவு பிடித்தது.

"ஆணியை அறுத்துடலாமா?" என்றேன்.

"முள்ளை எடுத்துட்டா அது உருளைக்கிழங்கு" என்றார் வேலிக்கு மேலிருந்து மிஸ்டர் ஹெப்டன். அவர் எப்போது வந்தாரோ!

நான் பந்தைக் கிழித்து, பழைய காலுறைகளைத் திணித்து மறுபடி உருண்டையாக்கினேன். சாக்பீஸ் தேய்த்தேன். முன்பக்கத்தில் காற்று போவதற்காக அகலமான வாய் ஒன்று உண்டு. அதன் குறுக்கே மழுங்கலான கம்பிகள். கம்பிகளின் மேல் பந்தை ஓட்டினேன். கம்பியில் வெள்ளை பட்டது. உள்ளே பார்த்தேன். ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை.

"அப்பா! பந்து உள்ள போகல!"

"போகாதே. கம்பி தடுக்குதே."

"அப்ப கஸ்டர்ட் உள்ள போயிடலாமே!"

அப்பா டீயைக் கீழே வைத்தார். சரியாகச் சொன்னால், என் செருப்பின் மேல் வைத்தார்.

"புதருக்குள்ள இருக்கறதுதானே முள்ளெலி" என்றார் மிஸ்டர் ஹெப்டன். "எனக்கு அப்பவே தெரியும்."

வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. அப்பா சிவப்புக் காரில் முன்னே போனார்; சோதனைக்குப் போய்வர மட்டும் அதை ரோட்டில் ஓட்டலாம். அம்மாவும் நானும் அம்மாவின் சின்னக் காரில் பின்னே போனோம். அம்மா தக்காளிப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்திருந்தார்.

சோதிக்கும் அதிகாரி மிஸஸ் ஓல்ட்ராய்டு. உயரம், கண்ணாடி, சிரிக்காத முகம். கோலை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றினார். பந்து ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டது. கடைசியில் மூக்கின் முன் வந்து நின்றார்.

"முள்ளெலி எங்க?"

அப்பா கீழே கை காட்டினார். மிஸஸ் ஓல்ட்ராய்டு மண்டியிட்டார். கம்பிகளுக்குப் பின்னால் ஓர் ஓரமாக, காற்றை மறைக்காமல், கஸ்டர்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பந்தை இடமிருந்து அழுத்தினார். வலமிருந்து அழுத்தினார். மேலிருந்து முயன்றார். பந்து கஸ்டர்டைத் தொடவே இல்லை. நான் மூச்சுவிடவும் இல்லை.

"இது யாரோட யோசனை?"

"என்னோடது" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"நல்ல யோசனை. பாஸ்" என்றார். எழுதிக்கொண்டே சொன்னார்: "போன தடவைக்கு இது எவ்வளவோ தேவலை. அப்ப பாவம், அதுக்கு ஒரு கம்பளிக் குல்லா போட்டுக் கூட்டிட்டு வந்திருந்தாரு. மஞ்சள் குல்லா. உச்சியில நீலக் குஞ்சம்."

அம்மா மெதுவாக, மிக மெதுவாக, அப்பாவின் பக்கம் திரும்பினார்.

கார் பாஸ். அப்பா ஃபெயில்.

நம்பர் பலகை வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே விட்பிக்குக் கிளம்பினோம். கார் மீண்டும் கேரேஜுக்குள் போகாத வருத்தத்தில் மிஸ்டர் ஹெப்டன் வாசல்வரை வந்து கையசைத்தார். மொத சவாரி எனக்குத்தான், வாக்கு வாக்குதான். ஆனால் சாவி அம்மாவிடம் இருந்தது.

"தக்காளி நட இருந்தது நான். ஓட்டப் போறதும் நான்தான்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு வேகமாகப் போவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. காற்று முகத்தில் அடித்தது. முன்னால் கம்பிகளுக்குள் கஸ்டர்ட் ஈக்களை விரட்டிக்கொண்டு வந்தான்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் அம்மாவின் சின்னக் காரில் அப்பா தனியாக வந்துகொண்டிருந்தார். விட்பி போய்ச் சேரும்வரை கழற்றக் கூடாது என்பது அம்மாவின் தீர்ப்பு. அப்பாவின் தலையில் மஞ்சள் குல்லாவின் நீலக் குஞ்சம் குதித்துக் குதித்து ஆடியது.