ஃப்ளாட் 704-இன் அனுமதி

கறிவேப்பிலை வாங்கப் போன உஷா பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டாள். நாலு மணி வெயில் பொம்மனஹள்ளி சர்வீஸ் ரோட்டில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. அபார்ட்மெண்ட் வாசலில், முகம் பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி நின்றாள். மறுபடியும் சிவப்புதான்.

இருநூற்று நாற்பது வீடுகள், முப்பத்தெட்டு கேமராக்கள், ஒரே ஒரு வாசல். பூனைகூடப் பெயர் பதியாமல் உள்ளே போக முடியாது என்று குடியிருப்பவர்கள் பெருமையடித்துக்கொள்ளும் இடம் அது. வெளியாள் யார் வந்தாலும் காவலாளி படம் பிடித்து அந்த வீட்டுக்காரரின் செல்போனுக்கு அனுப்புவார். அங்கே பச்சைப் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். சிவப்பை அழுத்தினால் வந்தவர் வந்த வழியே போக வேண்டியதுதான். இத்தனை காவலுக்குப் பிறகும் பயம் மட்டும் எல்லா வீட்டிலும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

காவலாளி தியோடர் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆஸ்டின் டவுன்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர்.

"மெஷின் எடுக்கல மேடம். ஸ்வல்ப நேரம் இருங்க, ஃப்ளாட்டுக்கு ரிக்வெஸ்ட் போடறேன். நம்பர் சொல்லுங்க."

"செவன் நாட் ஃபோர். என் ஃபோன் வீட்லதான் இருக்கு, பொண்ணு கையில."

மகள் வித்யாலட்சுமிக்கு ஏழு வயது. கார்ட்டூன் பார்க்கச் செல்போனைக் கொடுத்து, யார் வந்தாலும் திறக்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் உஷா கிளம்பியிருந்தாள்.

தியோடர் கையிலிருந்த திரையைப் பார்த்தார். "டினைன்னு சிவப்பு வருது மேடம்."

உஷாவுக்குச் சிரிப்பு வந்தது. "கார்ட்டூன் நடுவுல வந்தா எதையாவது தட்டிடுவா. இன்னொரு வாட்டி போடுங்க."

இன்னொரு தடவையும் சிவப்பு.

"பரவால்ல, திறந்து விடுங்க. நான் இந்த வீட்டுக்காரிதான்."

"நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா வாட்ச்மேன் தானா முடிவு எடுத்து யாரையும் விடக் கூடாதுன்னு ரூல். என் வேலை போயிடும்."

அந்த விதியைக் கொண்டுவந்தவளே உஷாதான். கொண்டுவர வைத்தவள் ஐரின்.

ஐரின் 704-இல் ஐந்து வருடம் வீட்டு வேலை செய்தவள். வித்யாவைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள். போன ஜூனில் ஒரு நாள், இதே நேரத்துக்கு, காலில் செருப்புகூட இல்லாமல் இந்த வாசலுக்கு ஓடி வந்தாள். அப்போதிருந்த காவலாளி அனுப்பிய படத்தில், ஐரினுக்குப் பின்னால் அவள் புருஷன் சாலையைக் கடந்து வருவது உஷாவுக்குத் தெரிந்தது. அவன் கையில் இருந்ததும் தெரிந்தது. இவளை விட்டால் அவனும் கூடவே நுழைந்துவிடுவான் என்று நினைத்தாள். சிவப்பை அழுத்தினாள். காவலாளி இன்டர்காமில் கூப்பிட்டுக் கெஞ்சினார். "கேட்ல நிக்கறவங்களை எனக்குத் தெரியாது. வீட்ல குழந்தை இருக்கு, விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சத்தம் கேட்காமல் இருக்க பால்கனிக் கதவையும் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்கு நாற்பத்திரண்டு கைதட்டல்கள் வந்தன. பதறாமல் நடந்துகொண்டாளாம். ஐரினின் உடலை எடுத்துப் போன பிறகு வாசலைக் குழாய் போட்டுக் கழுவினார்கள். காவலாளி இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிடக் கூடாது என்ற விதி அடுத்த ஞாயிறே ஏகமனதாக நிறைவேறியது.

"இன்டர்காம்ல கூப்பிடுங்க" என்றாள் உஷா.

தியோடர் கூப்பிட்டார். கேட்டார். ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"வித்யா என்ன சொன்னா?"

"பாப்பா எடுக்கல மேடம். ஒரு அம்மா எடுத்தாங்க."

கணவன் பரத் பீன்யா தொழிற்சாலையில் இருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"என்ன சொன்னாங்க?"

தியோடர் குரலைத் தாழ்த்தினார். "கேட்ல நிக்கறவங்களை எனக்குத் தெரியாது. வீட்ல குழந்தை இருக்கு, விடாதீங்கன்னாங்க."

ஒரு சொல்கூட மாறவில்லை.

உஷாவின் காலடியில் ஏதோ சில்லென்றது. குனிந்து பார்த்தாள். அந்த வெயிலிலும் அவள் நின்ற இடம் மட்டும் ஈரமாக இருந்தது. துருப்பிடித்த இரும்பின் வாடை எழுந்தது.

அவள் தடுப்புக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். காவலாளியின் மேசையைக் குத்தினாள். வித்யா, வித்யா என்று ஏழாவது மாடியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. எல்லாம் அவளுக்குப் பழக்கமான முகங்கள்தான். ஒருவரும் இறங்கி வரவில்லை.

ஒரு பால்கனிக் கதவு சாத்தப்பட்டது.

பிறகு இன்னொன்று.

பிறகு வரிசையாக எல்லாம்.

கடைசியில் சங்கச் செயலாளர் சந்திரன் வெளியே போகக் கீழே வந்தவர், தன் செல்போனிலிருந்து கதவைத் திறந்துவிட்டார். "என்னம்மா இது, படிச்சவங்க நீங்களே இப்படிச் சத்தம் போட்டா எப்படி" என்று கேட்டுக்கொண்டே லிஃப்ட்டில் கூட வந்தார்.

704-இன் கதவு திறந்தே கிடந்தது. சோபாவில் செல்போன். அதில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. வித்யா இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள், அலமாரிக்குள் பார்த்தாள். சந்திரன்தான் செல்போனை எடுத்தார். வாசல் பதிவைத் திறந்தார். குழந்தைகள் தாயோ தகப்பனோ பச்சையை அழுத்தாமல் வாசலைத் தாண்ட முடியாது. தாண்டினால் அதற்கு ஒரு பதிவு இருக்கும்.

வித்யாலட்சுமி. வெளியேறிய நேரம் 4.12. உடன் செல்பவர் ஐரின். அனுமதித்தவர் உஷா.

கேமராப் பதிவைப் போலீஸ் போட்டுக் காட்டியது. 4.12-க்கு உஷா மேசையைக் குத்திக் கத்திக்கொண்டிருக்கிறாள். தியோடர் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் பின்னால் வெளியே போகும் கதவு தானாகத் திறக்கிறது. வித்யா நடந்து போகிறாள். ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருக்கிறது, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு போகிற குழந்தையைப் போல. பக்கத்தில் யாரும் இல்லை. வாசலைத் தாண்டும்போது குழந்தை திரும்பி அம்மாவின் முதுகைப் பார்க்கிறது. வாயைத் திறந்து கூப்பிடுகிறது. உஷா மேசையைக் குத்திக்கொண்டிருக்கிறாள், திரும்பவில்லை. மகள் பெயரைக் கத்திய கத்தலில் மகள் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

மாதங்கள் ஓடிவிட்டன. போலீஸ் தேடி அலுத்துவிட்டது. பரத் வீட்டைக் காலி செய்யலாம் என்றான், அவள் வர மறுத்ததும் தனியாகப் போய்விட்டான். அவள் எப்படிப் போவாள்? தினமும் 4.12-க்கு அவள் செல்போன் அதிர்கிறது. தான் அனுப்பவே இல்லை என்று தியோடர் சத்தியம் செய்கிறார். ஆனாலும் படம் வருகிறது. வாசலில் வித்யா நிற்கிறாள், வெறுங்காலோடு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு.

உஷா பச்சையை அழுத்துகிறாள். எலும்பு நோக அழுத்துகிறாள்.

அவள் விரலை எடுப்பதற்குள் திரை சிவந்துவிடுகிறது. கீழே எழுத்து வருகிறது.

மறுத்தவர்: ஃப்ளாட் 704.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.