செடிவேலிக்கு அந்தப் பக்கம்

பூங்காவின் கேட் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தோட்டக்காரி வேலைக்கு உள்ளே நுழைந்தபோது பனி புல்தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. ராத்திரி போட்ட சண்டையில் அவள் முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

சண்டை ஒன்றும் புதிதல்ல. அதே பூங்காவில் அவளோடு செடி வெட்டும் புருஷனுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. டாக்டரைப் பார்க்கச் சொன்னால் மனுஷன் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. போன வாரம் அவர் கத்தரியிலிருந்து அவள் சுண்டுவிரல் மயிரிழையில் தப்பியது. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் அவரைக் கத்தரியைத் தொடவே விடமாட்டார். அவளுக்கு வேறு ஜோடி போட்டுவிடுவார். பதினெட்டு வருஷமாகச் சேர்ந்தே வெட்டியவர்கள். அவரோ விடியும் முன்பே ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார்.

அன்றைக்கு வெட்ட வேண்டியது குளத்தோரச் செடிவேலி. ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும். இந்தப் பக்கம் நிற்பவருக்கு மறுபக்கம் தெரியாது. அவள் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், கத்தரிச் சத்தத்தை வைத்தே சேர்ந்து நகர்வார்கள். நடுவில் சிக்கிய குச்சிகளை எடுக்க வேண்டுமென்றால் "கை" என்று சொல்ல வேண்டும். மறுபக்கக் கத்தரி நின்று, "ம்" என்று பதில் வந்தால்தான் கை உள்ளே போகும். எவ்வளவு பெரிய சண்டை என்றாலும் இந்த ஒரு பேச்சை மட்டும் அவர்கள் நிறுத்தியதில்லை.

அவள் போய்ச் சேரும்போதே அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

க்ரிச். க்ரிச்.

துரை முன்னாலேயே வந்தாச்சாக்கும் என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு அவளும் தொடங்கினாள். வெட்டுப்பட்ட இலையின் பச்சை வாடையோடு, அழுகிய தண்ணீர் நாற்றமும் வந்தது. குளம் பக்கத்தில்தானே என்று விட்டுவிட்டாள். ஆனால் வேலை என்றால் வேலை! ஒரு வெட்டு பிசகவில்லை. அவர் இவ்வளவு சீராக வெட்டிப் பல வருஷமாகிவிட்டது. அவள் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"கை."

கத்தரி நின்றது.

"ம்."

முழங்கைவரை உள்ளே விட்டாள். குச்சிகளுக்கு நடுவே ஒரு கை வந்து அவள் விரல்களைப் பற்றிக்கொண்டது. ஈரமாக, சில்லென்று இருந்தது. பனியில் வேலை செய்த கை வேறெப்படி இருக்கும்? சமாதானத்துக்கு வருகிறார் மனுஷன் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ராத்திரி வாய்க்கு வந்தபடி பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்களத் தவிர வேற யார்கூடவும் நான் ஜோடி சேர மாட்டேன். சத்தியமா."

பிடி இறுகியது.

"யார்கிட்ட பேசிட்டிருக்க?"

குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பாதையில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார். கையில் கண் ஆஸ்பத்திரி டோக்கன். இருட்டோடு போய் வரிசையில் நின்று வாங்கினாராம். பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க அவளையும் கூட்டிப்போக வந்திருந்தார்.

அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். உள்ளே இருந்த கை உடனே விடவில்லை. ஒவ்வொரு விரலாக விட்டது.

அவள் வேலியைக் காட்டினாள். அவர் கோடியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"இங்க ஒருத்தரும் இல்லையே," என்று அவர் குரல் கேட்டது. "வெட்டின இலைதான் கெடக்கு."

கோடியில் அவர் மறுபடி தலைகாட்டியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கையை விரித்துக் காட்டியபடி அவளை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அவள் காதோரம், இலைகளுக்குள்ளிருந்து, ஒரு கிசுகிசுப்பு.

"அவன் யாரு?"

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

க்ரிச்.

இன்னோர் அடி.

க்ரிச்.

வேலிக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேராக, கத்தரியும் கூடவே நடந்து வந்தது.