ஆறு பேரைத் தாங்கும் பால்கனி

டமார்!

இயந்திரத்தின் பிடியில் இருந்த கான்கிரீட் கட்டி வெடித்துச் சிதறியது.

மாணவர்கள் கை தட்டினார்கள்.

"பார்த்தீங்களா? கான்கிரீட் பொய் சொல்லாது. நசுக்கினா உண்மையைக் கக்கிடும்!" என்றார் பேராசிரியர்.

கட்டடப் பொறியியல் துறைத் தலைவர். ஐம்பதைத் தாண்டியும் வளையாத முதுகு. மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் தூக்குக்குண்டு. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடுவாரே... அதேதான்!

அவர் பாக்கெட்டில் செல்போன் அலறியது.

தெரியாத எண்.

"ஹலோ... யாரு?"

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

பெண் குரல். வெண்ணெயில் நனைத்தெடுத்த மாதிரி மெத்தென்று இருந்தது.

"சந்தேகத்தை கிளாஸ்ல கேளும்மா. இப்ப லேப்ல இருக்கேன்."

"இது உயிர் சம்பந்தப்பட்ட சந்தேகம் சார். நம்ம லேடீஸ் ஹாஸ்டல் மூணாவது மாடி பால்கனி... எத்தனை பேரைத் தாங்கும்?"

தூக்குக்குண்டு லேசாக ஆடினார்.

"யா... யாரு நீ?"

"ஆறு பேரைத் தாங்கும்னு உங்க ரிப்போர்ட்ல எழுதியிருந்தீங்க. இப்ப ஒரே ஒருத்திதான் நிக்கப் போறா. பயப்பட ஒண்ணுமில்லையே?"

"எந்த ஒருத்தி?"

"உங்க பொண்ணு."



"அங்க... அங்க எல்லா பால்கனிக் கதவும் பூட்டியிருக்கு!"

"பூட்டியிருந்துச்சு. இப்ப ஒண்ணு திறந்திருக்கு. சீக்கிரம் வாங்க சார்... உங்க பொண்ணுக்குப் பொறுமை கம்மி!"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மகளின் எண்ணை அழுத்தினார்.

பிஸி!

மறுபடி அழுத்தினார்.

பிஸி!

"சார்... அடுத்த கட்டியை வெக்கலாமா?" என்றான் ஒரு மாணவன்.

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. துறைத் தலைவர் ஓடுவதைப் பல்கலைக்கழகம் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தது!

ஓடிய ஓட்டத்தில், புதைத்துவிட்டதாக நினைத்திருந்த ஒரு முகம் எழுந்து கூடவே ஓடி வந்தது...

இரண்டு வருடங்களுக்கு முன் அதே விடுதியின் பின்பக்கத்தில் ஒரு பால்கனி சுவரை விட்டுப் பிய்ந்து கீழே விழுந்தது. அதோடு ஒரு முதலாண்டு மாணவியும் விழுந்தாள். பிழைக்கவில்லை.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா?

தூக்குக்குண்டு!

அந்த விடுதியைக் கட்டும்போது மேற்பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்?

அவரும் தூக்குக்குண்டுதான்!

இடிபாடுகள் மறுநாளே லாரியில் ஏறிப் போய்விட்டன. 'கட்டுமானத்தில் குறையில்லை. பால்கனி ஆறு பேரைத் தாங்கும். அந்த மாணவி அதற்கு மேல் கூட்டம் சேர்த்து ஆடியதே காரணம்' என்று எழுதினார். செத்தவளுக்கு வாய் இல்லை. கேஸ் மூடப்பட்டது. மிச்சமிருந்த பால்கனிகளுக்கு, பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று சொல்லிச் சத்தமில்லாமல் பூட்டுப் போட்டார்.

இதோ... விடுதி!

முற்றத்தில் கட்டட அளவைப் பிரிவின் இறுதியாண்டு வகுப்பு முழுசாக நின்றிருந்தது. முக்காலியில் அளவைக் கருவி. எதிரே மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு நடுத்தர வயது ஆள், ஆளுயர அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரை ஒட்டி, இரண்டாவது மாடி வரை, பெயின்ட் வேலைக்கான பச்சை வலை.

அதற்கு மேலே...

மூன்றாவது மாடி பால்கனியில், அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய ஒரே மகள்! கைப்பிடியில் சாய்ந்து, போனில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாவி வாசலுக்கு ஓடினார். ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள். முப்பதைத் தாண்டியவள். டிப்ளமோ படித்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து படிக்க வந்தவள் என்பதால் வகுப்பே அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடும். அவர் வாயாலேயே 'என்னோட பெஸ்ட் ஸ்டூடண்ட்' என்று பாராட்டு வாங்கியவள்.

"நகரும்மா! மேல போகணும்!"

"முடியாது சார். அந்த ரூம் உள்பக்கம் தாழ் போட்டிருக்கு."

அதே வெண்ணெய்க் குரல்!

"நீயா? நீயா போன் பண்ணினே? உனக்கு நான் என்னடி கெடுதல் பண்ணினேன்?"

"என் தங்கச்சியைக் கொன்னீங்க."

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"கொன்னது கூடப் பரவாயில்ல சார். செத்த பிறகு அவளை ஆட்டக்காரி ஆக்கினீங்க பாருங்க... எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் தெருவுல தலை நிமிர்ந்து நடக்கலை. கல்யாணமானதால எனக்கு இனிஷியல் வேற. அதனால உங்களுக்கு அடையாளம் தெரியலை. உங்க முதல் பெஞ்சுல உக்காந்து, உங்ககிட்டயே கட்டடம் படிச்சேன். கட்டடம் ஏன் விழுதுன்னு தெரிஞ்சுக்க இல்ல... உங்களை எப்படி விழ வெக்கிறதுன்னு தெரிஞ்சுக்க!"

"பழிவாங்க என் பொண்ணுதான் கிடைச்சாளா? அவ என்ன பாவம் பண்ணினா?"

"என் தங்கச்சி என்ன பாவம் பண்ணினா?"

அவளைத் தள்ளிவிட்டு முற்றத்தின் நடுவுக்கு ஓடினார். அண்ணாந்து கத்தினார்.

"பாப்பா! உள்ள போ!"

மகள் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தாள்.

"என்னப்பா? கேக்கலை!"

"உள்ள போம்மா! அங்க நிக்காதே!"

"ஏம்ப்பா? காத்து சூப்பரா வருது!"

"பால்கனி உடைஞ்சிடும்!"

"ஆறு பேரைத் தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லிக்கொண்டே பால்கனியின் விளிம்புக்கு இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அவருக்குள் எதுவோ பிய்ந்து விழுந்தது.

"பொய்! அது பொய்ம்மா! கம்பி கீழ கிடக்கு!"

வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும். பால்கனியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு பக்கச் சுவர் மட்டும்தான். ஆள் ஏறி நின்றால் அதன் மேல்பக்கம்தான் இழுபடும். கம்பி அங்கே இருக்க வேண்டும். அடிப்பக்கம் கிடந்தால், இருப்பதும் ஒன்றுதான்... இல்லாததும் ஒன்றுதான்!

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"நான் பார்த்தேன்! கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே பார்த்தேன்! பிரிச்சுக் கட்டச் சொன்னா திறப்பு விழா தள்ளிப்போகும்னு... கண்டுக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்! எல்லா பால்கனியும் அப்படித்தான்! உள்ள போடி கண்ணு... உன் கால்ல விழறேன்!"

"அப்ப என் ஃப்ரெண்டு ஆடினான்னு எழுதினது?"

"ஆடலை! தனியா நின்னு துணிதான் காயப்போட்டா! எனக்குத் தெரியும்! எல்லாம் எனக்குத் தெரியும்!"

குரல் கிழிந்து நின்றது.



மூன்றாவது மாடியில் மகள் போனை மெல்ல இறக்கினாள். முகத்தில் சிரிப்பு துடைத்துப் போட்ட மாதிரி காணாமல் போயிருந்தது. அப்பாவையே ஒரு நிமிடம் பார்த்தாள்.

பிறகு...

இரண்டு காலையும் தூக்கி, ஓங்கிக் குதித்தாள்!

"பாப்பாஆஆ!"

தொம்!

கண்களை இறுக மூடிக்கொண்டு மண்ணில் சரிந்தார் தூக்குக்குண்டு.

ஒன்றும் விழவில்லை.

சரக்... என்று ஏதோ உரசும் சத்தம். கண்ணைத் திறந்தார். மாணவர்கள் பச்சை வலையை அவிழ்த்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். வலைக்குப் பின்னால், தரையிலிருந்து மாடி மாடியாக, வரிசை வரிசையாக இரும்பு முட்டுகள்! மூன்றாவது மாடி பால்கனியை யானை ஏறினாலும் அசையாதபடி தாங்கிக்கொண்டிருந்தன.

"காலையில எங்க கிளாஸ்தான் முட்டுக் குடுத்தோம் சார்" என்றாள் அக்கா. "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான்."

அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். உயிரோடு இருக்கிறாள்! அது போதும்! அடுத்த நொடியே அந்த நிம்மதி கோபமாக மாறியது.

"என் பொண்ணை மிரட்டி அங்க நிக்க வெச்சிருக்கே! உன்னை சும்மா விட மாட்டேன்!"

அக்கா சிரித்தாள். கண்ணில் நீர் தளும்பியது.

"இல்ல சார். நான் உங்களைத்தான் முட்டே இல்லாத பால்கனியில ஏத்தி நிக்க வெக்கணும்னு திட்டம் போட்டேன். அது தெரிஞ்சு ஒருத்தி என் கையைப் பிடிச்சு அழுதா. 'எங்கப்பாவைக் கொல்லாதீங்கக்கா, பேச வெச்சாப் போதும்'னு. இந்தத் திட்டம் முழுக்க அவளோடது."

மாடிப்படியிலிருந்து மகள் இறங்கி வந்தாள். அப்பாவிடம் வரவில்லை. நேராக அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாப்பா... நீயா?" அவர் குரல் காற்றாக வந்தது.

"ரெண்டு வருஷமா உங்களை வீட்ல கேட்டுக்கிட்டே இருந்தேன்ப்பா. அவ நிஜமாவே ஆடினாளான்னு. ஒவ்வொரு தடவையும் என் கண்ணைப் பார்த்து ஆமான்னு சொன்னீங்க. அவளை விட்டா எனக்கு வேற ஃப்ரெண்டே கிடையாது." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவளைக் காப்பாத்த ஒருதரம் கூட நீங்க இப்படி ஓடி வரலையேப்பா..."



மஞ்சள் ஜாக்கெட் ஆள் அளவுகோலை ஒரு மாணவனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றினார்.

உள்ளே... காக்கி!

"இன்ஸ்பெக்டர். அந்தக் கேஸை மூடச் சொன்னப்ப எனக்கும் மனசு ஒப்பலை. நீங்க பேசினது முழுக்க பதிவாயிடுச்சு சார். மிச்ச பால்கனிகளை உடைச்சுப் பார்க்க இது போதும். எந்திரிங்க... போலாம்."

தூக்குக்குண்டு தட்டுத்தடுமாறி எழுந்தார். முதுகு முதன்முறையாக வளைந்திருந்தது.

"நான்... நான் என் வக்கீலைப் பார்க்கணும். கம்பியைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன்!"

"பேச வேண்டாம் சார்" என்றார் இன்ஸ்பெக்டர், அவர் தோளில் நட்பாகக் கை போட்டபடி.

"எண்ணினாப் போதும்!"