நாலு மணி வரைக்கும்

“பார்க்கைப் பூட்டிட்டா தாகம் எடுத்தவங்க எங்க போவாங்க, அத்தா?”

போன மே மாதம் ஆயத் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவள் அப்பா ஷரஃபுதீன் சைக்கிளை வேகமாக மிதித்தான்.

கோபாலபுரத்தில் மூன்று பூங்காக்களின் சாவி அவனிடம் இருந்தது. ஒன்றில் சர்க்கரை நோய்க்காரர்கள் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் நடப்பார்கள். இன்னொன்று சாலை நடுவே ஒரு முக்கோணத் திட்டு. இரண்டு பெஞ்சு, ஆட்டோக்காரர்களின் தூக்கம். மூன்றாவது குழந்தைகள் பூங்கா. மூன்றையும் காலை பத்துக்குப் பூட்டி மாலை நான்குக்குத் திறக்க வேண்டும்.

ஆயத் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அன்று உச்சி வெயிலில், பூட்டிய குழந்தைகள் பூங்காவுக்குள் அவன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவள் ஊஞ்சலில் இருந்தாள். மீன் கூடையோடு ஒரு பெண் வந்து கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நைனா, ஒரு வாய் தண்ணி குடு. செத்த நேரம் நெழல்ல குந்திக்கினு போறேன்.”

“பத்துக்கு மேல தொறக்கக் கூடாதும்மா. எவனாச்சும் போட்டோ புடிச்சுப் போட்டா என் வேலை பூடும். நாலு மணிக்கு வா.”

“நாலு மணி வரிக்கும் நான் இருந்தாத்தான?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

தெருமுனையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. பட்டினப்பாக்கத்து ஜான்சி என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு வருடம் போயிற்று. மறுபடியும் கோடை விடுமுறை. காலையில் ஆயத் அவனோடு வந்து விளையாடுவாள். பத்து மணிக்குள் அவன் மனைவி ஜஹீதா வந்து அழைத்துப் போவாள். ஒரு நாள் பத்து மணிக்குக் குழந்தைகள் பூங்காவில் ஒரு குழந்தையும் கண்ணில் படவில்லை. ஜஹீதா வந்து போயிருப்பாள் என்று நினைத்துப் பூட்டினான்.

ஒரு மணிக்கு அவள் போன் செய்தாள்.

“இன்னிக்கி என்னால வர முடியல. புள்ள உங்க கூடத்தான கீது?”

அவன் பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது தெருவில் காக்கைகூடக் கத்தவில்லை. நிழல்கள் மரங்களின் காலடியில் சுருண்டு கிடந்தன. பூட்டைத் தொட்டான். சுட்டது. திறந்து கேட்டைத் தள்ளினான்.

உள்ளே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

காற்று இல்லை.

“ஆயத்.”

சங்கிலி கிறீச்சிட்டது. அதனோடு ஒரு வாடை வந்தது. உப்பும் ஈரமும் கலந்த மீன் வாடை. கேட்டின் உட்பக்கத்திலிருந்து ஈரக் காலடிகள் தொடங்கின. வெறுங்கால். பெரியவர்களின் கால். அந்த வெயிலிலும் அவை காயவில்லை.

குழந்தைகள் தவழ்ந்து விளையாடும் சிமெண்டுக் குழாய்வரை அவை போயின.

திரும்பி வரவில்லை.

அவன் மண்டியிட்டுக் குனிந்தான். உள்ளே ஆயத் படுத்திருந்தாள். தலைமுடி நனைந்திருந்தது. உதட்டில் தண்ணீர் மினுங்கியது. பூங்காவின் தண்ணீர்க் குழாயில் மோட்டார் போட்டால்தான் தண்ணீர் வரும். மோட்டார் அறைச் சாவி அவன் இடுப்பில் இருந்தது.

“யாரும்மா தண்ணி குடுத்தது?”

“மீன்காரம்மா. நான் இதுக்குள்ள தூங்கிட்டேன் அத்தா. என்னை மடியில போட்டுக்கினு விசிறினாங்க.” அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதருகே சொன்னாள்: “உங்களை ஒண்ணு கேக்கச் சொன்னாங்க அத்தா. நாலு மணி ஆயிடுச்சான்னு.”

அந்த இரவு தொழுகைப் பாயிலிருந்து எழுந்திருக்க அவனுக்கு வெகு நேரமாயிற்று. மறுக்கப்பட்டவள் மறுக்கவில்லை. தனக்குக் கிடைக்காத தண்ணீரை, கொடுக்காதவனின் பிள்ளைக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

மறுநாள் நண்பகல். புது மண்பானையும் ஒரு டம்ளருமாக அவன் தனியாக வந்தான். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பூட்டைத் திறந்து கேட்டை விரியத் தள்ளினான். பானையை மர நிழலில் வைத்துத் தண்ணீர் நிரப்பினான். கொஞ்சம் மண்ணில் சிந்தியது.

“நாலு மணி ஆக வேணாம்மா. உள்ள வாங்க.”

திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தான். பூட்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முதுகுக்குப் பின்னால் கேட் மெல்லச் சாத்திக்கொண்டது.

நான்கு மணிக்கு வந்து பார்த்தபோது பானை உலர்ந்திருந்தது. டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடியில் ஒரு மீன் செதில், இன்னும் ஈரமாக.