பத்து நாள் பாதாளம்

சூரமங்கலம் ரயில்வே லைன் வீடுகளின் பொதுக் கிணற்றில் மூன்றாவது ஆளும் மூழ்கி வெறுங்கையோடு ஏறியபோது, குப்பாயி ஓய்வுபெற்ற ஏட்டு அர்த்தநாரியின் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். தோளில் இரண்டு மாதக் குழந்தை.

"எம் புள்ளைய விடியக்காலையில இருந்து காணோமுங்க. கிணத்துல போயிட்டான்னு சொல்றாங்க. நீங்க இல்லைன்னு சொல்லுங்க சாமி."

காணாமல் போனவள் ஒன்பது வயதுக் கண்ணாத்தாள். தகப்பனுக்குத் தண்டவாள வேலை கிடைத்து, மோகனூரிலிருந்து குடிவந்து ஒரு மாதம். இங்கே அவளோடு பேச நாதியில்லை. கிடைத்ததையெல்லாம் படிப்பாள், பருப்பு கட்டிவந்த காகிதத்தைக்கூட விடமாட்டாள். படித்ததோடு நின்றாளா? கிணற்றுக்கு அடியில் பாதாள அரண்மனை இருக்கிறது என்று தண்ணீருக்கு வந்த பெண்களிடமெல்லாம் அளந்துவிட்டிருந்தாள். அதுதான் இப்போது வினையாக நின்றது.

பின்னாலேயே தயிர்க்காரி சௌந்திரம் ஓடிவந்தாள். லைனில் இருபது வீட்டுக்கும் தயிர், மோர் ஊற்றுகிறவள். அர்த்தநாரி துப்பு விசாரிக்கிறார் என்று தெரிந்தால் போதும், கூடையை இறக்கிவிட்டு வந்து நிற்பாள். கையில் ஒரு சொம்பும் காகிதமும் இருந்தன.

"கிணத்து மேட்டுல இருந்துச்சுங்க. காயிதத்து மேல சொம்பு."

அர்த்தநாரி காகிதத்தைப் படித்தார். 'இளவரசி பாதாளத்துக்குப் போகிறாள். அவள் தொட்டால் தம்பிக்கு ஆகாது என்று சாபம். பத்து நாள் கழித்து வருவாள். யாரும் தேட வேண்டாம்.'

குப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "இவன் பொறந்ததுல இருந்து அவளை நான் ஏறெடுத்துப் பாக்கலைங்க. நானே கொன்னுட்டேன்."

அர்த்தநாரி சொம்பைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே ஈரமே இல்லை. அடியில் மஞ்சள் கறை. அதில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"சொம்பு உங்களுதா?"

"இல்லைங்க."

"கிணத்துப் பக்கம் வேப்பமரம் இருக்குதா?"

"ஒண்ணுகூட இல்லைங்க," என்றாள் சௌந்திரம். "ஏனுங்க, நேத்து ஒரு பண்டாரம் சொம்போட திரிஞ்சான். அவன்தான் தூக்கிட்டுப் போயிருப்பான்."

"பண்டாரம் கிடக்கட்டும். உன் வாடிக்கையில, கொஞ்ச நாளா மோரு நிறைய வாங்கிட்டு, தாளிக்காம ஆக்கித் திங்கிற ஊடு எது?"

சௌந்திரம் யோசித்தாள். "ஏழாம் நம்பருங்க. பயர்மேன் வெள்ளியங்கிரி ஊடு. அவரு எப்பவும் வண்டியோட போயிருவாரு. பையன் ராசு பாட்டனூருக்குப் போயிட்டான்னு ராசாத்தி சொன்னா. பன்னண்டு நாளாக் கடுகு பொரியற வாசமே இல்லை. ஒத்தப் பொம்பளை, ஆருக்குத் தாளிக்கறதுன்னு உட்டுட்டான்னு நெனச்சேன்."

"ஒத்தப் பொம்பளைக்கு எவ்வளவு மோரு?"

"ரெண்டு படிங்க," என்றவள் ஏழாம் நம்பர் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று பேரும் போனபோது ஏழாம் நம்பர் கதவு சாத்தியிருந்தது. அர்த்தநாரி தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். "ராசாத்தி, கிணத்துல இன்னொரு ஆளை இறக்கப் போறாங்க. கதவைத் தொற."

கதவு திறந்தது. மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாடை வெளியே வந்தது. சௌந்திரம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சாகப்போறவ பத்து நாள்ல வாரேன்னு தவணை சொல்ல மாட்டா," என்றார் அர்த்தநாரி. "காயிதம் பறக்காம இருக்கச் சொம்பை வெச்சிருக்கா, நாலு பேரு படிக்கணும்னுதானே? கைக்குழந்தையத் தொடக்கூடாது, பத்து நாள் தள்ளி இருக்கணும்னா அது அம்மை. சொம்புலயும் வேப்பிலை, மஞ்சள். அம்மை கண்டா நிலையில வேப்பிலை செருகுவாங்க. இந்த லைன்ல செருகினா, சர்க்கார் ஆளுங்க ஊருக்கு வெளிய இருக்கற அம்மைக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அதனால வேப்பிலைய மறைச்சாச்சு. ஆனா தாளிச்சா அம்மன் கோவிச்சுக்குவாளே. சர்க்காரை ஏமாத்தத் துணிஞ்சவளுக்கு அம்மனை ஏமாத்தத் துணிச்சல் வரலை."

ராசாத்தி நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போன மாசம் கொட்டகைக்குப் போன புள்ளை திரும்பி வரலைங்க. ராசுவை எப்படி அனுப்புவேன்? அவன் பக்கத்துல அம்மன் பாட்டுப் படிக்கோணும், எனக்கு எழுத்துத் தெரியாது. இந்தப் புள்ளைதான் தினமும் கொல்லைப் பக்கமா வந்து படிச்சா. இன்னைக்கு விடியக்காலையில அவ கையிலயும் முத்துங்க. தம்பிக்கு ஆகாதுன்னு சொல்லி, காயிதத்தை வெச்சுட்டு வந்து இங்கயே படுத்துட்டா."

"கிணத்துல தேடறது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் குப்பாயி.

"தெரியும். சொன்னா ரெண்டையும் தூக்கிட்டுப் போவாங்கன்னு பயந்துட்டேன்."

குப்பாயிக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையிலும் குழந்தை இருந்தது.

உள்ளே இருட்டிலிருந்து குரல் வந்தது. "அம்மா, உள்ள வராத. தம்பிய வெச்சிருக்க."

அர்த்தநாரி சௌந்திரத்தை அப்பால் அழைத்தார். "ஓடிப்போய்க் கிணத்து ஆளுங்களை நிறுத்து. புள்ளை மோகனூருல இருக்கறான்னு சொல்லு."

"பொய்யிங்களா?"

"பொய்தான்."

குப்பாயி வாசற்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமில்ல கண்ணு. ஆருக்கு எழுதுன?"

"ஆராச்சும் படிச்சுச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

"படிச்சாங்க சாமி. அத்தனை பேரும் தப்பாப் படிச்சாங்க."

காகிதத்தை அர்த்தநாரியிடம் வாங்கிப் படிக்கு உள்ளே வைத்தாள். ராசாத்தி எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

"நீயே படி."

காய்ச்சலில் வறண்ட குரல் எழுத்துக்கூட்டாமல் படித்தது. இளவரசி போனாள், சாபம் வந்தது. "பத்து நாள் கழித்து வருவாள்."

"அதை மட்டும் இன்னொருக்காப் படி," என்றாள் குப்பாயி.